ரப்பர் ஆலைத் தண்ணீரைத் தெளிய வைத்த பாடு

கழிவுத் தண்ணீரைச் சுத்தம் செய்கிற வேலையை ஒருவன் நன்றாகச் செய்தால், அப்படி ஒருவன் இருக்கிறான் என்பதே ஊருக்குத் தெரியாது. கெட்டுப்போனால் மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். மீன் கிடங்கிலும் தோல் கொட்டகையிலும் ஆஸ்பத்திரிப் பின்கட்டிலும் மூக்கைப் பிடித்துக்கொண்டு சோறு சம்பாதித்த அன்பர்களே, உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. வீட்டுக்குப் போய் இரண்டு தரம் சோப்புப் போட்டுக் குளித்த பிறகும், பெற்ற பிள்ளை கிட்டே வரத் தயங்கி நிற்குமே, அந்த வருத்தம் உங்களுக்கும் தெரியும்.

பினாங்கில் ஒரு ரப்பர் ஆலையில் ஆறு வருஷம் நான் அந்த வேலை பார்த்தேன். ரப்பர் நல்ல விலைக்குப் போன காலத்தில் சேர்ந்தேன். விலை விழுந்தபோது வேலையும் போனது. என் பெயர் ராயப்பன். ஆனால் இதில் அதிகம் வரப்போகிறவர் மரியசூசை அண்ணன். ஆலையில் அவர் ஃபிட்டர். உருளை மாட்டுவது, பெல்ட் தைப்பது எல்லாம் சம்பளத்துக்காகச் செய்தார். தண்ணீரைத் தெளிய வைக்கும் வழிகளை மட்டும் தானாகக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். யாரும் அவரைக் கேட்டுக்கொள்ளவில்லை.

மூக்குக்கு வைத்த பரீட்சை

சிறு தோட்டக்காரர்கள் கொண்டுவரும் மரத்திலேயே உறைந்துபோன ஒட்டுப்பாலையும் ஈர ரப்பர் ஷீட்டுகளையும் உருளைகளுக்கு நடுவே விட்டு, மேலே தண்ணீர் பாய்ச்சிக் கழுவுவதுதான் எங்கள் ஆலையின் தொழில். மண், மரப்பட்டை, பாலை உறைய வைக்க ஊற்றிய ஆசிட் எல்லாம் அந்தத் தண்ணீரோடு லோங்காங்கில் இறங்கும். சாக்கடையை நாங்கள் அப்படித்தான் சொல்லுவோம். போகும்போது மோர் மாதிரி வெள்ளையாக இருக்கும். இரண்டு நாள் தேங்கினால் முட்டை அழுகின நாற்றம். லோங்காங் ஆற்றில் விழும் இடத்துக்குக் கீழே வண்ணாந்துறை. அதற்கும் கீழே சுங்கை பினாங்கு என்ற குடிசைப் பகுதி, அப்புறம் கடல்.

புகார்கள் அதிகமாகி, தண்ணீரைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளைப் போடும்படி மேலிடத்து உத்தரவு வந்தது. ஆலைக் குமாஸ்தாவான எங்கள் கிராணி கணக்கு மேசையை விட்டு எழுந்து வந்து, உருளை ஓட்டுகிறவர்களில் மூன்று பேரைப் பொறுக்கி, காலையிலிருந்து மத்தியானம் வரை லோங்காங் ஓரத்தில் நிற்க வைத்தார். ஒருவன் வாந்தி எடுத்தான். இன்னொருவன் சொல்லாமல் போய்விட்டான். நான் நின்றேன். வீட்டில் கைக்குழந்தை, எங்கே போவது? கிராணி என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒனக்கு மூக்கு கொஞ்சம் மந்தம்னு நெனைக்கிறேன் ராயப்பன். கொடுத்து வெச்சவன் நீ."

இஸ்திரிப் பெட்டி காட்டிக்கொடுத்தது

அந்த வேலையில் சேர்ந்த முதல் வாரமே செல்லம்மா அக்கா ஆலை வாசலுக்கு வந்துவிட்டார். வண்ணாந்துறையில் புருஷன் இல்லாமல் தனியாகக் கல் போட்டுத் துவைத்துக்கொண்டிருந்தவர். கையில் ஒரு துரையின் வெள்ளைக் கோட்டு. அதன் முதுகெல்லாம் மிளகு மிளகாகப் பழுப்புப் புள்ளி. துவைக்கும்போது ஒன்றும் தெரியவில்லையாம். காயும்போதும் தெரியவில்லையாம். கரி போட்ட இஸ்திரிப் பெட்டியை வைத்தவுடன் புள்ளி புள்ளியாகக் கிளம்பிவிட்டதாம்.

மரியசூசை அண்ணன் உருளையை நிறுத்திவிட்டு வந்து கோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு புள்ளியை நகத்தால் சுரண்டி விரலில் உருட்டினார். இழுத்தால் நீண்டது. ரப்பர்த் துணுக்கு. தண்ணீரோடு போய்த் துணி நூலில் ஒட்டிக்கொண்டு, சூட்டில் உருகியிருக்கிறது. "இது எங்க தண்ணிதான் அக்கா" என்று அண்ணன் ஒளிக்காமல் சொன்னதும் நான் பயந்து கிராணியின் ஜன்னலைப் பார்த்தேன். செல்லம்மா அக்கா சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். அவர் கோட்டை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "ஒத்துக்கிட்டீங்களே, அது போதும். அந்தத் தொரைகிட்ட நான் ஒத்துக்கிட்டா மாத்திரம் வேற கோட்டு மொளைக்குமா?" என்றார்.

தேங்காய்நார்ப் பெட்டி

அன்று சாயங்காலமே அண்ணன் பலகை வெட்ட உட்கார்ந்துவிட்டார். முதல் கண்டுபிடிப்பு ஒரு நீளப் பெட்டி. உள்ளே குறுக்கே குறுக்கே தடுப்புகள். ஒன்று மேலே திறப்பு, அடுத்தது கீழே திறப்பு. தண்ணீர் ஏறி இறங்கி ஏறி இறங்கித்தான் போக முடியும். ஒவ்வொரு தடுப்புக்கும் நடுவில் தேங்காய்நாரை அடைத்தார். மறுநாள் மத்தியானம் நாரைப் பிடுங்கிப் பார்த்தால், கொசகொசவென்று ரப்பர் துணுக்கு. இரண்டு வாரத்தில் செல்லம்மா அக்காவின் துணியில் புள்ளி நின்றுவிட்டது. அண்ணனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

தவுக்கே வந்து பார்த்தார். ஆலையின் சீன முதலாளி அவர். வாரத்துக்கு ஒரு தரம்தான் வருவார். பெட்டியில் சேர்ந்த ரப்பரைக் கையில் அள்ளி அமுக்கிப் பார்த்தார். இவ்வளவு சரக்கா இத்தனை நாள் வீணாய்ப் போனது என்று ஆச்சரியப்பட்டார். இப்போது நாற்றத்துக்கும் ஏதாவது செய்யலாம், சிமெண்டுத் தொட்டி ஒன்று கட்டினால் போதும் என்று அண்ணன் தைரியமாகக் கேட்டார். தவுக்கே சிரித்துக்கொண்டே மலாயில் சொன்னதன் அர்த்தம் இது: "ரப்பர் என்னுடையது, பிடித்துக் கொடுத்தாய், நல்லது. நாற்றம் என்னுடையது இல்லையே."

கடைத்தெருவில் கொட்டை

இருந்தாலும் அண்ணன் விடவில்லை. உடைந்த செங்கல்லைப் பொறுக்கி ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்த கையோடு வந்து நாங்கள் இருவரும் ஒரு தொட்டி கட்டினோம். அடுத்த பிரச்சினை, வெள்ளையைத் தெளிய வைப்பது. கலங்கின கிணற்றுத் தண்ணீருக்குத் தேத்தாங்கொட்டை இழைப்பார்களே, அது ஞாபகம் வந்தது அவருக்கு. கடைத்தெருவில் மருந்துச் சரக்கு விற்கும் ராவுத்தர் ஒருவரிடம் போனோம். நாகூர்ப்பக்கத்து ஆள். தராசைத் தூக்கிக்கொண்டு எவ்வளவு வேண்டும் என்றார். அண்ணன் மனக்கணக்குப் போட்டு, தினம் ஒரு மூட்டை என்றார்.

ராவுத்தர் தராசைக் கீழே வைத்தார். எதற்கு என்று விசாரித்தார். அண்ணன் தொட்டி, தடுப்பு, நார், ஆசிட் என்று ஒன்று விடாமல் அரைமணி நேரம் விளக்கினார். வாடிக்கைக்காரர்கள் காத்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் ராவுத்தர் இரண்டு கைக் கொட்டையைக் காகிதத்தில் மடித்துச் சும்மா கொடுத்தார். "சோதிச்சுப் பாருங்க தம்பி. ஆனா ஒண்ணு, கெணத்தைத்தான் நம்ம ஆளுங்க தெளிய வெச்சிருக்காங்க, ஒரு மொதலாளியைத் தெளிய வெச்சதா நான் கேள்விப்பட்டதில்ல" என்றார்.

சுண்ணாம்பு

கொட்டை எங்கள் தண்ணீரிடம் தோற்றது. சுண்ணாம்பு ஜெயித்தது. ஒரு பீப்பாயில் சுண்ணாம்பைக் கரைத்து, அடியில் ஒரு சிறு குழாய் வைத்துச் சொட்டுச் சொட்டாகத் தொட்டியில் விழச் செய்தார் அண்ணன். தொட்டியில் மிதக்கிற ஒரு தக்கை, தண்ணீர் வேகமாக ஓடினால் குழாயை அதிகம் திறக்கும். ஓட்டம் குறைந்தால் மூடும். அந்தத் தக்கையை அவர் எப்படி யோசித்தார் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. வெள்ளை அடியில் படிந்து, மேலே தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்றது. கிராணிகூட வந்து எட்டிப் பார்த்தார்.

பத்தாம் நாள் தக்கை சிக்கிக்கொண்டது. பீப்பாய்ச் சுண்ணாம்பு முழுவதும் ஒரே மூச்சில் இறங்கிவிட்டது. நான் அப்போது சாப்பிடப் போயிருந்தேன். சாயங்காலம் ஆற்று முகத்துவாரத்தில் வலை போடும் பாக் டின் என்ற மலாய்க்காரப் பெரியவர் ஒரு கூடையோடு வந்தார். கூடை நிறையச் செத்த இறால். சத்தம் போடவில்லை, திட்டவில்லை. தொட்டியின் கரையில் கூடையைக் கவிழ்த்துவிட்டு, தெளிந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டே மலாயில் சொன்னார்: "முன்னே வெள்ளையாக வந்தது, நான் வலையை எடுத்துக்கொண்டு விலகிப் போனேன். இன்றைக்குத் தெளிவாக வந்தது, நம்பிவிட்டேன்."

சைக்கிள் சக்கரம்

அதற்கப்புறம் அண்ணன் சுண்ணாம்பைத் தொடவே இல்லை. வாலிப வயதில் கப்பலில் வேலை பார்த்தபோது ஏதோ ஒரு துறைமுகத்தில், ஆஸ்பத்திரிச் சாக்கடைத் தண்ணீரைக் கரிக்கட்டி மேல் தெளிப்பதைப் பார்த்திருக்கிறார். அதைச் செய்து பார்ப்போம் என்றார். கொதிகலனில் வெந்து கட்டியாகிப்போன கரிச்சாம்பலை உடைத்து, தொட்டிக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்குக் குவித்தோம். மேலே பழைய சைக்கிள் சக்கரம் ஒன்றைப் படுக்க வைத்து, அதில் துளை போட்ட தகரக் குழாய்களைக் கட்டினார். ஆலையில் கிடந்த பழைய பம்பால் தொட்டித் தண்ணீர் குழாயில் ஏறியதும், அந்த வேகத்திலேயே சக்கரம் தானாகச் சுற்றி மழை மாதிரித் தெளித்தது.

முதல் மூன்று வாரம் ஒன்றும் ஆகவில்லை. எனக்கு நம்பிக்கை போய்விட்டது. கரிக்கட்டி மேல் மெல்லப் பாசி மாதிரி ஒரு பழுப்புக் கொழகொழப்பு படர்ந்தது. அதுதான் வேலை செய்கிறது, அது உயிருள்ள சாமான், தண்ணீரில் உள்ள அழுக்கைத் தின்கிறது என்றார் அண்ணன். ஐந்தாம் வாரம் கீழே வந்த தண்ணீரில் வெள்ளையும் இல்லை, புளிப்பும் இல்லை. அண்ணன் ஒரு புட்டியில் பிடித்து வீட்டுக்கு எடுத்துப்போனார். செல்லம்மா அக்காவை ஆளனுப்பிக் கூப்பிட்டுக் காட்டினோம். அவர் அந்தத் தண்ணீரில் முந்தானை நுனியை நனைத்து, பிழிந்து, முகர்ந்தார். பிறகு அண்ணனைப் பார்த்து, "எத்தன நாளைக்கு விடுவாங்க?" என்றார்.

கழுவி விட்டார்கள்

அக்காவுக்கு எப்படித் தெரிந்ததோ! தண்ணீரைப் பார்க்க இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று ஒரு திங்கட்கிழமை தகவல் வந்தது. நாங்கள் இரண்டு பேரும் அன்று அக்கரையில் பட்டர்வொர்த்திலிருந்து ஒரு உருளையை எடுத்து வரப் போயிருந்தோம். திரும்பி வந்து பார்த்தால் கரிக்கட்டியெல்லாம் பளபளவென்று கறுப்பாக மின்னுகிறது. ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் ஆறு பேரை விட்டு, சோடாவும் தென்னந்துடைப்பமும் போட்டுத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காய வைத்து, திரும்ப அடுக்கியிருந்தார். பழுப்புக் கொழகொழப்பு ஒரு சொட்டுக்கூட மிச்சமில்லை.

இன்ஸ்பெக்டர் வந்த அன்று கீழே இறங்கியது பழைய மோர்த் தண்ணீர்தான். நாறியது. எழுதிக்கொண்டு போனார். மரியசூசை அண்ணன் கரிக்குவியலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். நாற்பது வயது மனிதர் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுததை அன்றுதான் பார்த்தேன். மண்டோர் கெட்டவர் இல்லை. கையைப் பிசைந்துகொண்டு பக்கத்தில் வந்து நின்றார். "அழுக்கா இருந்துச்சு, அதான் கழுவி விட்டேன் மரியசூசை. சுத்தம் பண்ற எடத்துல அழுக்கு இருக்கலாமா?" என்றார்.

மூடி

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பல தடவை நினைத்தேன். கரிக்கட்டியில் மறுபடியும் பாசி படர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அதற்குள் நாற்றத்தை நிறுத்தாவிட்டால் தொட்டியையே இடித்துத் தண்ணீரை நேரே ஆற்றில் விடப்போவதாகக் கிராணி சொன்னார். நான்தான் சொன்னேன்: தொட்டிக்கு மூடி போட்டுவிடலாம். பலகை அடித்து, இடுக்கில் தார் பூசிவிட்டால் நாற்றம் வெளியே வராது. பாசி வளரும்வரை சமாளிக்கலாம்.

எல்லோருக்கும் பிடித்துப்போனது. அண்ணன் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு என் தோளைத் தட்டினார். இரண்டே நாளில் பலகை அடித்தோம். தாரை நானே பூசினேன், ஓர் இடுக்குக்கூட விடாமல். கிராணி மூடியின் மேல் ஏறி நின்று, மூச்சை நன்றாக இழுத்து விட்டுப் பார்த்தார். "நாத்தம் இருந்தாத்தானே பொகாரு? முடிஞ்சுது விஷயம்" என்றார்.

அடைப்பு

மூடி போட்டு மூன்றாம் மாதம். கரிக்கட்டியில் பாசி நன்றாகப் படர்ந்து, சக்கரம் ஒழுங்காகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு மத்தியானம் சக்கரம் நின்றுவிட்டது. தொட்டியின் அடியில் உள்ள குழாய்வாயில் சேறு அடைத்துக்கொண்டது. பலகை ஒன்றைப் பெயர்த்தோம். அழுகின முட்டை நாற்றம் முகத்தில் அறைந்தது. நான் இறங்குகிறேன் என்றேன். அடைப்பு எங்கே என்று உனக்குத் தெரியாது என்று சொல்லி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் அண்ணன் இறங்கினார். பலகை பெயர்த்த வழியாகத் தண்ணீரை முன்பே இறைத்திருந்தோம். முழங்கால் சேறுதான்.

குனிந்தார். கையை விட்டுத் துழாவினார். அப்படியே முட்டி போட்டவர் சேற்றில் சாய்ந்தார். வழுக்கிவிட்டார் என்றே நினைத்தேன். கூப்பிட்டுக்கொண்டே ஏணியில் நாலு படி இறங்கினேன். என் கால் மரத்தது தெரியும். அப்புறம் ஒன்றும் தெரியாது. உருளைக்காரச் சீனர்கள் இரண்டு பேர் என் சட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் போட்டார்களாம். அண்ணனைக் கயிறு போட்டுத் தூக்க நேரமாகிவிட்டது. நான் கண் விழித்தபோது அவரைக் கரிக்குவியலுக்குப் பக்கத்தில் படுக்க வைத்து, முகத்துச் சேற்றைத் துடைத்திருந்தார்கள். தூங்குகிற மாதிரிதான் இருந்தது. குனிவதற்கு முன்னால் தலையை நிமிர்த்தி, சிரித்த முகத்தோடு அவர் என்னிடம் சொன்னதுதான் கடைசிப் பேச்சு: "ராயப்பா, இப்ப நாத்தமே இல்லடா! பாசி வேலை செய்யுதுடா, ஜெயிச்சிட்டோம்!"

மூக்கைக் கொல்லும் காற்று

ஆஸ்பத்திரியில் எனக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் தமிழ் பேசுகிறவர். எனக்குச் சந்தேகம் தீரவில்லை. கடைசி நேரத்தில் நாற்றமே இல்லை என்றாரே, அப்படியானால் அவர் எப்படிச் செத்தார் என்று கேட்டேன். டாக்டர் என் கட்டிலில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். மூடின தொட்டிச் சேற்றில் ஒரு விஷக்காற்று உண்டாகும். கொஞ்சமாக இருந்தால் முட்டை அழுகின வாசனை. அதிகமானால் அது முதலில் மூக்கைத்தான் செயலிழக்கச் செய்யும். சேற்றைக் கிளறினால் இன்னும் கிளம்பும். திறந்த தொட்டியாக இருந்தால் காற்றோடு கலந்து போய்விடும்.

மூடி யாருடைய யோசனை என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எழுந்து போகும்போது என் கையைத் தட்டிக் கொடுத்தார். "நாத்தம் இருக்கிற வரைக்கும் ஓடுறதுக்கு நேரம் இருக்கு. அது நின்னு போச்சுன்னா, நேரம் முடிஞ்சுதுன்னு அர்த்தம். இத மத்த ஆளுங்களுக்குச் சொல்லு" என்றார். அந்த ஆலையில் இருந்தவரை, தொட்டிப் பக்கம் வந்த ஒவ்வொருவனுக்கும் சொன்னேன். ஒருவன் மட்டும் என்னைத் திருப்பிக் கேட்டான்: "இத ஒங்களுக்கு யாரும் முன்னமே சொல்லலியா அண்ணே?"

ஜன்னல் புட்டிகள்

அண்ணனின் மனைவி அந்தோணியம்மாள் மதினியைப் பார்க்கப் போக எனக்கு ஒரு மாதம் தைரியம் வரவில்லை. சுங்கை பினாங்கில் ஒற்றை அறை வீடு. இரண்டு பெண் பிள்ளைகள். ஜன்னல் விளிம்பில் மாதாபடத்துக்குக் கீழே வரிசையாகச் சோடாப் புட்டிகள். அண்ணன் ஒவ்வொரு பரீட்சைக்கும் ஒரு புட்டி நிரப்பிக் கொண்டுவந்து, சோற்றுப் பசையால் காகிதம் ஒட்டி எழுதி வைத்திருந்தார். நார், கொட்டை, சுண்ணாம்பு, கரி. கொட்டிவிடலாமா, வைத்திருக்கணுமா என்று தெரியவில்லை, அதனால் தினம் தூசி மட்டும் துடைக்கிறேன் என்றார் மதினி.

அவர் கொடுத்த காப்பியைக் கையில் வைத்துக்கொண்டே சொல்லிவிட்டேன். மூடி போடச் சொன்னது நான், தார் பூசினது என் கை, அண்ணன் இல்லை என்றேன். திட்டுவார், வெளியே போ என்பார் என்று தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். மதினி ஜன்னலுக்குப் போய் ஒரு புட்டியின் தூசியைத் துடைத்தார். பிறகு சாதாரணமாக, மறந்துபோன ஒன்றை ஞாபகப்படுத்துகிறவர் போலச் சொன்னார்: "'ராயப்பன் நல்ல யோசனை சொன்னான்'னு அன்னைக்கு வந்து சொன்னாரு தம்பி. ரொம்ப நாளைக்கப்புறம் ரெண்டாந்தரம் சோறு போடச் சொல்லிச் சாப்பிட்டாரு."

இஞ்சினீயர் படம் பார்த்தார்

மூடியைப் பிய்த்துப்போட்டு நான் தொட்டியைத் தொடர்ந்து நடத்திக்கொண்டிருந்தேன். சிங்கப்பூரிலிருந்து ஒரு வெள்ளைக்கார இஞ்சினீயர் வந்தார். காற்றை அடித்துத் தண்ணீரில் குமிழி விடும் புது இயந்திரம் ஒன்றை விற்க வந்தவர். சைக்கிள் சக்கரத்தைப் பார்த்ததும் விற்க வந்ததை மறந்துவிட்டார். அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். யார் செய்தது என்றார். செத்துப்போன ஃபிட்டர் என்று கிராணி சொன்னார். வரைபடம் ஏதாவது உண்டா என்று கேட்டார். அண்ணன் சாக்குக்கட்டியால் கொட்டகைச் சுவரில் போட்டு வைத்திருந்த படத்தைக் காட்டினேன். பெட்டி, தொட்டி, தக்கை, கரி, சக்கரம், மூடி, எல்லாம் அதில் இருக்கும். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு அதன்முன் நின்று, தன் நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டார்.

மூடின தொட்டிப் படத்துக்கு வந்ததும் பென்சிலை நிறுத்தினார். ஏதோ சொல்லித் தலையை ஆட்டினார். என்ன சொல்கிறார் என்று கிராணியைக் கேட்டேன். அவருக்குச் சொல்ல மனமில்லை. நான் விடவில்லை. கடைசியில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எல்லாமே சரியாத்தான் போட்டிருக்கானாம். மூடியில காத்து போக ஒரு கொழாய் வெச்சிருந்தாப் போதுமாம். மூங்கில் இருந்தாக்கூடப் போதுமாம்."

தெளிந்த ஆறு

இஞ்சினீயரின் இயந்திரம் பெரிய மரப்பெட்டிகளில் வந்து இறங்கியது. பிரிக்கவே இல்லை. ரப்பர் விலை கிடுகிடுவென்று இறங்கி, தோட்டக்காரர்கள் மரம் சீவுவதையே நிறுத்தினார்கள். ஆலைக்குச் சரக்கு இல்லை. முதலில் இரண்டு உருளை நின்றது, பிறகு எல்லாம் நின்றது. ஆட்களைக் கூட்டம் கூட்டமாக நாகப்பட்டினம் கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். மதினியும் பிள்ளைகளோடு போய்விட்டார். ஊரில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டதற்கு, போய்த்தான் பார்க்கணும் என்றார். புட்டிகளை என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது.

வேலை போன பிறகு ஒரு நாள் காலையில் ஆற்றோரம் நடந்து போனேன். அடிமணல் தெரிந்தது. சின்ன மீன்கள் கூட்டமாகத் திரும்பின. இத்தனை நாள் அண்ணன் சொல்லிக்கொண்டே இருந்த தண்ணீர் அதுதான். அவர் இதைப் பார்க்கவில்லை. வண்ணாந்துறையில் பாதிக் கற்கள் காலியாகக் கிடந்தன. செல்லம்மா அக்கா தன் கல்மேல் சும்மா உட்கார்ந்திருந்தார். ஆறு இப்படித் தெளிந்துவிட்டதே அக்கா என்று, ஏதாவது பேச வேண்டுமே என்பதற்காகச் சொன்னேன். அவர் காலைத் தண்ணீரில் விட்டு அலசிக்கொண்டே சொன்னார்: "நல்லாத்தான் தெளிஞ்சிருக்கு தம்பி. துணி கொடுத்த தொரைங்க கப்பலேறிட்டாங்க, கிராணிமாருங்க வீட்டுலயே தொவைச்சுக்கிறாங்க. பார்க்கிறதுக்கு அழகா இருக்கு, அவ்வளவுதான்."

நாரும் சுண்ணாம்பும் கரியும் ஒரு நல்ல மனுஷனுடைய உயிரும் சேர்ந்து ஆறு வருஷத்தில் முடிக்காத காரியத்தை, படிக்காத, பரீட்சை செய்து பார்க்காத ரப்பர் விலை ஆறே வாரத்தில் முடித்துவிட்டுப் போனது.